ஆளுக்கொரு கப் பால்

"அவன் ஒரு வேளை கூடப் பசியோட இருக்கக் கூடாது, ரெஜினா. ஜூடிக்கு நான் குடுத்த வாக்கு அது. உன்கிட்ட நான் கேக்கறதும் அது ஒண்ணுதான்."

"இருநூறு பிள்ளைங்களுக்கு தினமும் சமைச்சுப் போட்டவக்கா நான். இந்த ஒருத்தனுக்குப் போட மாட்டேனா?"

"இருநூறு பேருக்குப் போடறது வேற, ஒருத்தனை வளர்க்கறது வேற... பார்ப்போம்."

பதினாறு மாதங்களுக்கு முன், ரெஜினாவின் கல்யாண விருந்து முடிந்த மதியம், தேவாலயத்தின் கீழ்த்தளச் சமையலறையில் நடந்த பேச்சு இது. கை கழுவ வந்த மணப்பெண்ணிடம், காபிக் கோப்பைகளைத் துடைத்துக்கொண்டே டார்லீன் சொன்னாள். மற்றதெல்லாம் மறந்தாலும் அந்தப் 'பார்ப்போம்' மட்டும் ரெஜினாவுக்கு மறக்கவில்லை. அன்றிலிருந்து டார்லீன் பார்த்துக்கொண்டேதான் இருந்தாள்!

டார்லீனும் ஜூடியும் உடன்பிறந்தவர்கள். அக்காள் டார்லீன் ஆர்வினையும், தங்கை ஜூடி அவருடைய தம்பி லைலையும் கட்டிக்கொண்டு ஒரே பண்ணைக்கு வந்தவர்கள். எண்பது கறவை மாடுகள், ஒரே பெரிய வீடு, அதற்குள் இரண்டு சமையலறை, நடுவில் பூட்டே இல்லாத ஒரு கதவு. எம்மெட் பிறந்த நாலாம் மாதம் ஜூடி போய்ச் சேர்ந்தாள். அதன்பின் பத்து மாதம் அந்தக் குழந்தையைத் தோளிலேயே போட்டு வளர்த்தவள் டார்லீன். பிறகுதான் லைல், மில்வாக்கி நகரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் சமையல் செய்துகொண்டிருந்த ரெஜினாவைக் கட்டிக்கொண்டு வந்தான். தங்கை இருந்த இடத்தில் ஓரகத்தியாக யாரோ ஒருத்தி வந்து நின்றால் எந்த அக்காளுக்குத்தான் மனசு ஆறும்? ரெஜினாவுக்கு அது புரியாமல் இல்லை. புரிந்ததால்தான் இத்தனை நாள் வாயைத் திறக்காமல் இருந்தாள்.

இப்போது எம்மெட்டுக்கு இரண்டரை வயது. அந்த ஏப்ரல் மாதக் காலையிலும் அவனுடைய உயர நாற்காலியின் பலகையில் ஒரு கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி, விரல் நீளத்துக்கு நறுக்கிய முட்டை, இரண்டு ஸ்பூன் ஆப்பிள் கூழ், ஒரு கப் பால். எதிரே ரெஜினா அதே முட்டையை, அதே கஞ்சியைத் தன் தட்டில் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"வாணாம்" என்றான் எம்மெட். பாலை மட்டும் ஒரே மூச்சில் குடித்து முடித்தான்.

"சரிடா கண்ணு" என்றாள் ரெஜினா. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

இரண்டு மாதம் முன்பு க்ளினிக்கில் உணவு ஆலோசனை சொல்லும் பெண்மணி அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது பெரியவர்கள் வேலை. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் வேலை. கெஞ்சாதே, மிரட்டாதே, வாயில் திணிக்காதே. நீயும் கூட உட்கார்ந்து சாப்பிடு. அரை மணி ஆனதும் சிரித்த முகத்தோடு தட்டை எடுத்துவிடு. அடுத்த வேளை வரைக்கும் தண்ணீர் மட்டும்தான். பசி வந்தால் தானாகவே சாப்பிடுவான்.

அந்தப் பசிதான் வரவே இல்லை!

அரை மணி ஆயிற்று. ரெஜினா தட்டை எடுக்கவும், நடுக்கதவு திறக்கவும் சரியாக இருந்தது.

"எடுத்துட்டியா...? ஒரு வாய் கூட உள்ள போகலியே!" டார்லீனின் கண் நேராகத் தட்டுக்குத்தான் போயிற்று.

"அவன் வேண்டாம்னுட்டான்க்கா."

"ரெண்டரை வயசுப் புள்ள வேண்டாம்னா விட்டுடுவியா? நாளைக்கு அடுப்புல கை வைக்கறேன்னு சொல்லுவான், அதுக்கும் சரிடா கண்ணுன்னு சொல்லு! எங்க அம்மா முன்னாடி நாங்க தட்டை வழிச்சு வைக்காம எழுந்திருக்க முடியுமா? குடு இப்படி!"

தட்டைப் பிடுங்கிக்கொண்டு குழந்தை முன்னால் உட்கார்ந்தாள். "இதோ பாரு, பால் லாரி வருது... பாம்... பாம்... வாயைத் திற ராஜா, லாரி உள்ள போகணும்..."

எம்மெட் வாயை இறுக்கிக்கொண்டான். லாரி கன்னத்தில் மோதியது. இரண்டாம் தடவை உள்ளே போன கஞ்சி, அடுத்த நொடி டார்லீனின் மூக்குக் கண்ணாடியில் வந்து விழுந்தது.

"பெரிம்மா அழுக்கு" என்றான் அவன்.

டார்லீன் கண்ணாடியைத் துடைத்தாள். துடைத்துவிட்டு ரெஜினாவைப் பார்த்த பார்வையில் கஞ்சி சூட்டை விட அதிகச் சூடு இருந்தது. "உதட்டைப் பாரு. வெள்ளைத்துணி மாதிரி வெளுத்துக் கிடக்கு. நாலு படி ஏறினா மூச்சு வாங்குது. இது சாப்பாடு போட்டு வளர்க்கற பிள்ளையாட்டமா இருக்கு?"

"எனக்கும் அதே கவலைதான்க்கா..."

"கவலைப்படறவ இப்படித் தட்டை எடுத்துட்டுப் போக மாட்டா. பெத்தவளுக்குக் கையே வராது!"

கதவு சாத்தப்பட்டது.

ரெஜினா குழந்தையைத் தூக்கி இறக்கிவிட்டாள். தூக்கும்போது அவள் உள்ளங்கை அவன் வயிற்றில் பட்டது. வயிறு மத்தளம் மாதிரி இறுக்கமாக இருந்தது. ஒரு கப் பாலுக்கா இந்த வயிறு? அவள் மனதில் சில வாரங்களாகவே ஒரு முள் தைத்துக்கொண்டிருந்தது. பெரிம்மா பக்கம் போய்விட்டு வரும்போதெல்லாம் இவன் உதட்டு மேலே ஒரு வெள்ளைக்கோடு... அந்தப் பக்கம் என்னவோ நடக்கிறது. என் பிள்ளைக்கு என் கையால் சாப்பிடும் பழக்கம் வரக்கூடாதென்று யாரோ திட்டம் போட்டு வேலை செய்கிறார்கள்... 'என் பிள்ளை' என்று நினைத்ததும் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அந்த உரிமையை யார் கொடுத்தார்கள் அவளுக்கு?

அன்று பத்து மணிக்கு எம்மெட்டைக் காணவில்லை. கொல்லைப்புறச் சேற்றில் சின்னச் சின்னக் காலடித் தடங்கள் கன்றுக் கொட்டகைக்குப் போயிருந்தன. ரெஜினா பூட்ஸை மாட்டிக்கொண்டு போய்க் கதவைத் தள்ளினாள்.

உள்ளே, கன்றுகளை நிறுக்கும் இரும்புத் தராசின் மேல் எம்மெட் நின்றுகொண்டிருந்தான். பக்கத்தில் டார்லீன், காதில் பென்சிலோடு. சுவரில் கன்றுகளின் பெயரெல்லாம் எழுதியிருக்கும் பலகை. 'டெய்சி', 'பட்டர்கப்', 'புள்ளி'... அதற்குக் கீழே 'எம்மெட்'. எதிரில் ஆறு திங்கட்கிழமைகளின் எடை.

"என்னக்கா இது?" ரெஜினா பலகையைக் காட்டிக் கேட்டாள்.

"பார்த்தா தெரியலியா? எடை."

"அவன் என்ன கன்னுக்குட்டியா...?"

"கன்னுக்குட்டின்னா இந்நேரம் தேறியிருக்கும். ஆறு வாரத்துல அரை பவுண்டு கூட ஏறல. எனக்கு ஆதாரம் வேணும் ரெஜினா. வாயால சொன்னா யாரு நம்புவாங்க? 'டார்லீனுக்குப் பொறாமை'ன்னுதானே சொல்லுவாங்க!"

"எனக்குத் தெரியாம... ஆறு வாரமா..."

"உனக்குத் தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? அங்க பாரு! அங்க பாருடி!"

எம்மெட் தராசிலிருந்து இறங்கி, தரையில் உதிர்ந்து கிடந்த காய்ந்த மண்ணைக் கிள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தான். ருசித்து, ரசித்து, கண்ணை மூடிக்கொண்டு!

"மண்ணைத் திங்குது பிள்ளை... பசியில மண்ணைத் திங்குது!" டார்லீன் பாய்ந்து அவன் வாயில் விரலை விட்டு வழித்தாள். அவள் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது. "ஜூடி... நான் உன் பிள்ளையை இந்த கதிக்கு விட்டுட்டேனே ஜூடி!"

ரெஜினா அடி எடுத்து வைத்தாள். "குடுங்கக்கா, நான் வாயைக் கழுவி..."

"தொடாதே! இவனை என்கிட்ட விட்டுடு. என் பக்கமே தூங்கட்டும், என் பக்கமே திங்கட்டும். உனக்கென்ன, உன் வயித்துல பொறந்தவனா? பேப்பர்ல பார்த்தா நீ யாரு இவனுக்கு? லைலோட பொண்டாட்டி. அவ்வளவுதானே?"

அது அவள் தன்னிடமே ஒரு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. போன வசந்த காலத்தில் ஒரு நாள், முட்டை விற்கப் போன சாக்கில், கோர்ட் அலுவலகத்தில் நுழைந்து விசாரித்திருந்தாள். தகப்பன் சம்மதித்தால் தத்து எடுக்கலாம் என்றார்கள். நீதிபதி கையெழுத்துப் போட்டதும் குழந்தைக்குப் புதுப் பிறப்புச் சான்றிதழ் வரும், தாய் என்ற இடத்தில் உங்கள் பெயர் இருக்கும் என்றார்கள். 'பழைய பேரு?' என்று கேட்டாள். 'அதை உறை போட்டு மூடி வைத்துவிடுவோம்' என்றார் அந்தக் குமாஸ்தா, தபாலைப் பற்றிச் சொல்வதுபோல. ரெஜினா படிவத்தை வாங்காமலே திரும்பி வந்துவிட்டாள். செத்துப்போனவளின் பெயரை அழித்துவிட்டுத் தன் பெயரை எழுதச் சொல்லி யாரிடம் கேட்பது? லைலிடமா? இந்த அக்காளிடமா? வாய் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போன வார்த்தை அது.

இப்போதும் திரும்பித்தான் போயிற்று.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வாசலில் ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. மாவட்டச் சுகாதார அலுவலகத்து நர்ஸ். ஐம்பது வயது இருக்கும். கையில் ஒரு தோல் பை, முகத்தில் ஒன்றும் காட்டாத ஒரு புன்னகை.

"குழந்தைக்குச் சாப்பாடு சரியா குடுக்கறதில்லைன்னு ஒரு போன் வந்தது. பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

யார் போன் செய்தது என்று ரெஜினா கேட்கவில்லை. நடுக்கதவின் அந்தப் பக்கம் நிழல் ஒன்று அசைவது தெரிந்தது. காது இரண்டும் எரிந்தன. சுகாதார நர்ஸ் வீட்டுக்கு வந்தாள் என்றால் மதியத்துக்குள் கடைத்தெருவுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் இனி யார் முகத்தைப் பார்ப்பது?

நர்ஸ் குளிர்பெட்டியைத் திறந்து பார்த்தாள். அடுப்பிலிருந்ததைப் பார்த்தாள். பிறகு எம்மெட்டை மடியில் வைத்து, கீழ்க்கண்ணிமையை மெல்ல இழுத்துப் பார்த்தாள். புன்னகை போய்விட்டது.

"க்ளினிக்குக்குக் கொண்டு வாங்க. இப்பவே. ரத்தம் பார்க்கணும்."

"நானும் வர்றேன்!" நடுக்கதவு திறந்துகொண்டது. டார்லீன் கோட்டை மாட்டிக்கொண்டு தயாராகவே நின்றாள்.

க்ளினிக்கில் விரல் நுனியில் ஒரு குத்து. எம்மெட் வீறிட்டான். கொஞ்ச நேரத்தில் டாக்டர் ஒரு துண்டுக் காகிதத்தோடு வந்தார். தலை நரைத்த, பெரிய கைகளை உடைய மனிதர்.

"இருக்க வேண்டிய ரத்தத்துல கிட்டத்தட்டப் பாதிதான் இருக்கு. இரும்புச்சத்தே இல்ல. மண்ணு, ஐஸ் ஏதாவது திங்கறானா?"

"திங்கறான் டாக்டர்!" டார்லீன் முந்திக்கொண்டாள். "பசியில!"

"பசியில இல்லம்மா. இந்தச் சத்து குறைஞ்சா அப்படி ஒரு ஆசை வரும். சரி... பால் எவ்வளவு குடிக்கறான்?"

"மேஜையில ரெண்டு கப்" என்றாள் ரெஜினா.

டாக்டர் அவளைப் பார்த்தார். "ரெண்டு கப் குடிக்கற பிள்ளைக்கு இப்படி வராது. ஆறு, ஏழு கப் போகணும். பால் வயித்தை ரொப்பிடும், வேற எதுக்கும் இடம் இருக்காது. அதுல இரும்பே கிடையாது. போதாததுக்கு மத்ததுல இருக்கற இரும்பையும் உடம்புல சேர விடாது."

"பாலா?" டார்லீன் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "பால் குடிச்சு ரத்தம் குறையுமா? எண்பது மாடு வச்சிருக்கோம் டாக்டர்! மூணு தலைமுறையா பாலைக் குடிச்சுத்தான் வளர்ந்திருக்கோம்! பாலைக் குறை சொல்ல உங்களுக்கு எப்படி மனசு வருது?"

"உட்காருங்கம்மா. எங்க அப்பா அறுபது மாடு கறந்தவரு. எனக்கும் இதைச் சொல்லக் கஷ்டமாத்தான் இருக்கு. நல்ல பால்தான். இவனுக்கு அளவு மிஞ்சிப் போச்சு, அவ்வளவுதான்... யாரு குடுக்கறாங்க அவ்வளவு?"

நர்ஸ் படிவத்தில் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். டார்லீன் மடியிலிருந்த கைப்பையை இரண்டு கையாலும் அழுத்தி மூடினாள். மூடுவதற்குள் ரெஜினா பார்த்துவிட்டாள். உள்ளே ஒரு பால் புட்டி. வழியில் குழந்தைக்குப் பசிக்குமே என்று எடுத்து வைத்த புட்டி...

ஒரு வார்த்தை போதும். விரலை நீட்டினால் போதும். இத்தனை நாள் பட்டதற்கெல்லாம் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

"அவன் சாப்பாட்டுக்குப் பொறுப்பு நான்தான்" என்றாள் ரெஜினா. "என் பேரை எழுதிக்குங்க."

திரும்பி வரும் வழியில் ரெஜினாதான் காரை ஓட்டினாள். பாதி தூரம் வந்ததும் டார்லீன் ஜன்னல் பக்கம் பார்த்தபடியே கேட்டாள்.

"ஏன் என் பேரைச் சொல்லல?"

"எனக்கு நிச்சயமாத் தெரியாதேக்கா. சந்தேகம் மட்டும்தான் இருந்தது. சந்தேகத்தை வச்சுக்கிட்டு ஒருத்தர் பேரை எழுதிக் குடுத்தா அவங்களுக்கு எப்படி இருக்கும்னு இன்னிக்குக் காலையிலதான் பார்த்தேன்."

டார்லீன் மடியிலிருந்த கைப்பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மதியச் சாப்பாட்டுக்கு ஆர்வினும் லைலும் தொழுவத்திலிருந்து வந்தார்கள். மேஜையில் சாப்பாடு இல்லை. ரெஜினா அலமாரியிலிருந்த காலிக் கப்புகளையெல்லாம் எடுத்து நடுவில் வைத்திருந்தாள். டாக்டர் சொன்னதை மெதுவாக, ஒன்று விடாமல் சொன்னாள்.

"நான் யாரையும் குத்தம் சொல்லல. ஒருத்தர் ஒரு நாளைக்கு எத்தனை கப் அவனுக்குக் குடுக்கறீங்களோ, அத்தனை கப்பை உங்க முன்னால எடுத்து வைங்க. நிஜத்தைச் சொல்லுங்க. அவன் உசுருக்காக."

டார்லீன் கையை நீட்டினாள். ஒன்று. சற்றுத் தயங்கி, இன்னொன்று. "பத்து மணிக்கு ஒண்ணு... மூணு மணிக்கு ஒண்ணு. பாலாடை போட்டு" என்றாள்.

ரெஜினா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆக, சந்தேகப்பட்டது சரிதான். ஆனால் கணக்கு உதைத்தது. மேஜையில் தரும் இரண்டு, டார்லீனின் இரண்டு. டாக்டர் சொன்ன அளவு வரவில்லையே?

பெரியவர் ஆர்வின் தொண்டையைக் கனைத்தார். ஆறடி உயர மனிதர், தப்பு செய்த பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி தொப்பியைக் கழற்றிக்கொண்டார். "காலையில கறவை நேரத்துல தகரக் கப்பை நீட்டிக்கிட்டு வந்து நிப்பான்... நான்தான் குடுக்கறேன்னு யாருக்கும் தெரிய வேணாமேன்னு..." ஒரு கப்பை இழுத்துக்கொண்டார். "சாயங்காலக் கறவைக்கும் வருவான்." இன்னொன்றையும் இழுத்துக்கொண்டார்.

"நீங்களுமா!" என்றாள் டார்லீன். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீ சொன்னியா எனக்கு?"

அப்புறம்தான் அது நடந்தது. லைலின் கை மேஜை மேல் ஊர்ந்து வந்து ஒரு கப்பைப் பிடித்தது.

ரெஜினா அந்தக் கையையே பார்த்தாள். "நீங்க... நீங்களா?"

"டிராக்டர்ல கூட்டிக்கிட்டுப் போறப்போ... பிளாஸ்க்ல..." லைல் தலையைத் தூக்கவில்லை.

"என்கிட்ட ஏன் சொல்லல? தினமும் என் எதிர்ல உட்கார்ந்துதானே சாப்பிடறீங்க? நான் அவனைப் பட்டினி போடறேன்னு நீங்களும் நினைச்சீங்களா?"

"இல்ல ரெஜினா..." என்று ஆரம்பித்தவன் நிறுத்தினான். "இல்லேன்னு சொன்னா பொய். நீ தட்டை எடுக்கறப்போ எல்லாம் எனக்கு... உனக்கு அவன் மேல ஒட்டுதல் இல்லியோன்னு... ஒரு நிமிஷம் தோணிப் போச்சு. என்னை மன்னிச்சுடு."

டார்லீன் திட்டியது வலிக்கவில்லை. பலகையில் எழுதியது வலிக்கவில்லை. நர்ஸ் வந்தது கூட இப்படி வலிக்கவில்லை. பதினாறு மாதம் பக்கத்தில் படுத்தவன்! ரெஜினா எழுந்தாள். கோட்டு மாட்டியிருந்த ஆணி வரைக்கும் போனாள். மில்வாக்கியில் அவள் அண்ணன் இருக்கிறார், ஒரு அறை கொடுப்பார்... கோட்டில் கை வைத்தபோது உள்ளறையில் எம்மெட் தூக்கத்தில் முனகினான். போனால் தனியாகத்தான் போக வேண்டும். அவனைத் தூக்கிக்கொண்டு போக அவளுக்கு ஒரு காகிதமும் இல்லை.

திரும்பி வந்தாள். நின்றபடியே மூன்று கப்புகளை எடுத்துத் தன் இடத்தில் வைத்தாள்.

"மூணா?" என்றாள் டார்லீன். "ரெண்டுன்னு தானே டாக்டர் கிட்ட..."

"ரெண்டுன்னுதான் சொன்னேன். மத்தியானம் தூங்கப் போறதுக்கு முன்னாடி, யாரும் பார்க்காதப்போ, நானும் ஒண்ணு குடுப்பேன்." ரெஜினாவின் கண்ணீர் கட்டுமீறியது. "நீங்க எல்லாரும் என்னைச் சந்தேகப்பட்டீங்க. நானும் என்னைச் சந்தேகப்பட்டேன்க்கா! ஒருவேளை நான்தான் கல்நெஞ்சக்காரியோ, ஒருவேளை பெத்திருந்தா வேற மாதிரி இருந்திருப்பேனோன்னு..."

எட்டு கப்புகள். எட்டையும் அந்த மேஜையில் எல்லோரும் பார்த்தபடி இருந்தார்கள். ஊருக்கே பால் ஊற்றுகிற வீட்டில், ஆளாளுக்கு 'நான் கொடுக்கவில்லையென்றால் பிள்ளை செத்துப்போகும்' என்று நினைத்து, ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் ஊற்றியிருக்கிறார்கள்!

டார்லீன் எழுந்து வந்தாள். ரெஜினாவின் தோளைத் தொட்டாள், தொட்ட கையை எடுத்துக்கொண்டாள், மறுபடி தொட்டாள். "என் கையாலேயே... ஜூடி பிள்ளைக்கு என் கையாலேயே..." ரெஜினாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பெரிய உடம்பு குலுங்கக் குலுங்க அழுதாள்.

அழுதால் மட்டும் தீர்ந்துவிடுமா? அதற்கடுத்த நாட்கள்தான் கொடுமை. எம்மெட்டுக்குத் துருப்பிடித்த ஆணி மாதிரி நாறும் இரும்பு மருந்து. பால் நாளைக்கு இரண்டே கப், அதுவும் மேஜையில், சாப்பாட்டோடு. தகரக் கப்பை ஆர்வின் கூரை விட்டத்தில் கொண்டு போய் மாட்டினார். "பாலு... பாலு!" என்று எம்மெட் பாலறைக் கதவை உதைத்துக்கொண்டு கத்தினான். டார்லீன் காதைப் பொத்திக்கொண்டு கோழிக்கூண்டுக்குள் போய் நின்றாள். ஒரு தடவை தாங்க முடியாமல் கையில் கப்போடு நடுக்கதவு வரைக்கும் வந்துவிட்டாள். ரெஜினா ஒன்றும் சொல்லாமல் பார்த்தாள். டார்லீன் அந்தப் பாலைத் தானே குடித்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

"அக்கா" என்று ரெஜினா பின்னாலேயே போனாள். "இனிமே நாலு பேரும் ஒரே மேஜையில சாப்பிடலாம். என் பக்கமே வாங்க. ஒரே ஒரு விஷயம். அவன் தட்டை யாரும் பார்க்கக் கூடாது."

"பார்க்காம எப்படிடி இருக்கறது?"

"பதினாறு மாசமா பார்த்தீங்களே, போதாதா?"

டார்லீனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுதுகொண்டே சிரித்தாள்.

ஆறாம் நாள், ஞாயிற்றுக்கிழமை மதியம். தேவாலயத்திலிருந்து வந்த உடுப்போடேயே எல்லோரும் உட்கார்ந்தார்கள். மூன்று மணி நேரம் ஓவனில் வெந்த மாட்டிறைச்சி, கேரட், உருளைக்கிழங்கு, பட்டாணி, வெண்ணெய் தடவிய ரொட்டி. எம்மெட்டின் தட்டில் ஒவ்வொன்றிலும் ஒரு ஸ்பூன். அவன் அதைத் தொடவில்லை. நாற்காலியிலிருந்து எட்டி, பக்கத்திலிருந்த ஆர்வினின் தட்டிலிருந்து ஒரு துண்டு இறைச்சியை எடுத்தான். முகர்ந்தான். வாயில் போட்டான்.

மேஜையில் கத்திகளும் முள்கரண்டிகளும் ஒரு நொடி நின்றுபோயின.

"பார்க்காதீங்க" என்றாள் ரெஜினா, உதட்டை அசைக்காமல்.

"நான் எங்க பார்த்தேன்?" ஆர்வின் கூரையைப் பார்த்தபடி சொன்னார். "மழை வரும் போல இருக்கு, லைல்."

"ஆமாண்ணே. வடக்கு வயலு இன்னும் காயல."

"பெரிப்பா, இன்னும்" என்றது சின்னக் குரல்.

ஆர்வினின் கை தட்டை இரண்டு அங்குலம் அந்தப் பக்கம் நகர்த்தியது. "விதைப்பு தள்ளிப் போகும்" என்றார். அவர் கன்னத்தில் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. டார்லீன் தன் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டே இருந்தாள். ஏற்கனவே தடவிய ரொட்டி அது. மறுபடியும் தடவினாள். கேரட் போயிற்று. உருளைக்கிழங்கு பாதி போயிற்று. பட்டாணி மட்டும் ஒவ்வொன்றாகத் தரையில் உருண்டது. பட்டாணியைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை.

"ரெஜினா" என்றாள் டார்லீன், ரொட்டியைப் பார்த்தபடியே. "அந்த நர்ஸுக்கு நேத்தே போன் பண்ணினேன். தப்பு என்னோடதுன்னு சொன்னேன். இந்தப் பிள்ளையை நல்லா பார்த்துக்கற ஒரே ஆளு இந்த வீட்டுல நீதான்னு எழுதிக்கச் சொன்னேன். அதெல்லாம் போதாது, எனக்குத் தெரியும். உனக்கு நான் என்ன செய்யணும்? வாயைத் திறந்து கேளு. நீ எதுவுமே கேட்டதில்லையே..."

ரெஜினா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. பழக்கப்படி திரும்பப் பார்த்தது. எம்மெட் கேரட் ஒட்டிய கையால் அவள் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துத் தண்ணீர் கேட்டான். அவள் தண்ணீர்க் கோப்பையை அவன் கையில் கொடுத்தாள். பிறகு லைலைப் பார்த்தாள். லைலைத் தாண்டி டார்லீனைப் பார்த்தாள்.

"எம்மெட்டை நான் தத்து எடுத்துக்கணும்க்கா. சட்டப்படி. அப்படி எடுத்தா அவன் பிறப்புச் சான்றிதழ்ல ஜூடியோட பேரு இருக்கற இடத்துல என் பேரு வரும். ஒரு வருஷமா அது தெரிஞ்சுதான் வாயைத் திறக்கல. இப்பவும் அது தெரிஞ்சேதான் கேக்கறேன்... அவனை எனக்குக் குடுப்பீங்களா?"